பத்து விரலும் பதியணும்

கண்ணாடித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. விரல் பதிந்தால் பச்சை எரியும், பதியாவிட்டால் சிவப்பு. மனைவி நாலு விரலையும் சேர்த்து வைத்தாள்; பச்சை. எட்டு வயது மகள் நுனிக்காலில் எக்கி நின்று வைத்தாள்; பச்சை. அவன் வைத்தான், சிவப்பு. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான், சிவப்பு. கொஞ்சம் அழுத்தி வைத்தான். விளக்கு யோசிப்பது போல ஒரு கணம் அணைந்திருந்துவிட்டு, சிவப்பாகவே எரிந்தது.

விசா அலுவலகத்துப் பதிவு மேசையில் இருந்த பெண் நல்லவள். அவன் கையைத் தானே பிடித்து, ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் தட்டில் உருட்டினாள். ஒரு பாட்டிலிலிருந்து எதையோ பிதுக்கி நுனியில் தடவினாள். பத்து விரலில் மூன்றுதான் தேறியது. மற்ற ஏழும் திரையில் வெறும் சாம்பல் நிற முட்டைகளாகத் தெரிந்தன.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டாள்.

"டைல்ஸ் ஒட்டுறேன்."

"எத்தனை வருஷமா?"

"இந்த நாட்டுல ஏழு வருஷம். இதுக்கு முன்னாடி ரெண்டு நாட்டுல ஒன்பது வருஷம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கொத்தனார், பாத்திரம் கழுவுகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள் என்று இப்படி எத்தனையோ கைகளைப் பார்த்தவள் போலிருந்தது. விஷயத்தை நிதானமாகச் சொன்னாள். வருடா வருடம் புதுப்பிக்கிற விசாவுக்கு ரேகை கேட்பதில்லை. நிரந்தர விசாவுக்குக் கட்டாயம். நாற்பது நாள் கழித்து இன்னொரு தடவை வரலாம். அதிலும் பதியவில்லை என்றால், இதுவரை வாழ்ந்த ஒவ்வொரு ஊரிலிருந்தும், மற்ற இரண்டு நாட்டிலிருந்தும், போலீஸ் நற்சான்று வாங்கி வர வேண்டும். அதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

கையில் இருந்த விசா நாலு மாதத்தில் முடிகிறது; ஏழு வருடத்துக்கு மேல் அதைப் புதுப்பிக்க முடியாது. மனைவியின் மனுவும் மகளின் மனுவும் அவன் மனுவோடு முடிச்சுப் போட்டவை. அவனுக்கு இல்லை என்றால் அவர்களுக்கும் இல்லை.

"தேய்ஞ்ச தோல் திரும்ப வளரும்," என்றாள் அந்தப் பெண். "அதுவரைக்கும் சிமெண்ட்டைத் தொடாதீங்க."

வேலையிடத்தில் அவனுக்கு ரசமட்டம் என்று பேர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே ஒரு குமிழி ஓடும் சட்டம் ஒன்று எல்லோரும் வைத்திருப்பார்கள். அதற்குத்தான் ரசமட்டம் என்று பெயர். அவனுக்கு அந்தச் சட்டமே வேண்டாம். இரண்டு டைலுக்கு நடுவே விரல் நுனியை ஓடவிட்டால் போதும், மயிரிழை ஏற்றத்தாழ்வையும் சொல்லிவிடுவான். கையுறை போட்டால் அது தெரியாது. அதனால் பதினாறு வருடமும் வெறும் கை. சிமெண்ட்டும் பசையும் டைல் விளிம்பும் சேர்ந்து விரல்களைக் கூழாங்கல் மாதிரி ஆக்கிவிட்டன. அதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, அன்றைக்குக் காலை வரைக்கும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கறீங்க?" என்றாள் மனைவி.

"எங்கப்பா கைநாட்டு. எந்த ஆபீசுக்குப் போனாலும் கட்டைவிரல்ல மையைத் தடவிக்கிட்டு நிப்பாரு. நம்ம பிள்ளை இப்படி நிக்கக் கூடாதுன்னு என்னை அடிச்சு உதைச்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாரு. நானும் சுழி கொம்பெல்லாம் வச்சு அழகாக் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன். இப்ப இவங்க, கையெழுத்து கிடக்கட்டும், கைநாட்டு வையின்றாங்க. அதுவும் விழமாட்டேங்குது. எங்கப்பாவை விட ஒரு படி கீழ இறங்கிட்டேன் பாரு."

அவளும் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே அவன் கையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். கை வெந்து போவதும் தோல் உரிவதும் அவளுக்குப் புதிதல்ல. மறுநாள் அங்கே வேலை செய்யும் மூத்த பெண்களிடம் விசாரித்துவிட்டு ஒரு டப்பா களிம்பும் ஆறு ஜோடி பருத்திக் கையுறையும் வாங்கி வந்தாள். வந்ததும் வராததுமாகச் சட்டம் போட்டாள்.

"சிமெண்ட் கூடாது. சோப்புத்தூள் கூடாது. பாத்திரம் விளக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழியக் கூடாது. பூண்டு உரிக்கக் கூடாது."

"சோறு திங்கலாமா?"

"கரண்டியில திங்கலாம்."

முதலாளியிடம் நாற்பது நாள் விடுப்புக் கேட்டபோது அவர் முகம் கசந்தது. ஆனாலும் கொடுத்தார், விசா போய்விட்டால் ஆளே போய்விடுவான் என்பது அவருக்கும் தெரியும். மனைவியின் அண்ணனும் அவனும் ஒரே இடத்தில் வேலை. "நான் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை, நீ வீட்டுல ராஜா மாதிரி இரு," என்று மச்சான் தோளில் தட்டினார்.

ராஜாவுக்கு முதல் நாலு நாள் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. இரண்டு அறை வீட்டில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நடந்தான். வீட்டுத் தரையில் எந்த டைல் எத்தனை மில்லி தூக்கிக்கொண்டிருக்கிறது என்று கால் பெருவிரலால் தடவிக் கண்டுபிடித்தான். கைதானே கூடாது, கால் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சமையலறைச் சுவரில் ஒரு மூலை கோணலாக இருந்தது. ஆறு வருடமாக அந்த வீட்டில் இருந்தும் அதை அவன் பார்த்ததில்லை. வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது.

பத்து மணிக்கு வெயில் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். மெதுவாக மேசையைக் கடந்து, அடுப்பைத் தொட்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெளியே போய்விடும். மனைவி ஏன் அந்த நாற்காலியை ஜன்னலோரமாகவே போட்டு வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது. லீவு நாளில் அவள் அங்கே உட்கார்ந்துதான் தலை காய வைப்பாள். இடைஞ்சலாக இருக்கிறது என்று எத்தனை தடவை அதை நகர்த்தியிருக்கிறான்.

மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் வேலை அவனிடம் வந்தது. வாசலில் நின்ற டீச்சர், வெள்ளைக் கையுறை போட்ட ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது யாரு, மாமாவா?" என்று பிள்ளையைக் கேட்டாள்.

"அப்பா. எங்கப்பாவுக்கு ரேகை வளர்த்துக்கிட்டிருக்கோம்," என்றது பிள்ளை.

அவன் வெட்கப்பட்டுப் போனான். ஆனால் ஒரு வாரத்தில் அந்த வாசலில் நிற்கிற அம்மாக்கள் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது. ஒருத்தி ஆட்டுப்பால் தடவச் சொன்னாள். இன்னொருத்தி வெள்ளரிக்காய்ச் சாறு என்றாள். அவர்களில் பாதிப் பேர் அவனைப் போலவே எங்கிருந்தோ வந்தவர்கள். வரிசையில் நின்ற கதை, கடிதம் தொலைந்த கதை, பேரைத் தப்பாக எழுதிவிட்ட கதை என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். ஒரு அம்மாவுக்குப் பிறந்த தேதியே மாறிப்போய், இந்த நாட்டுக் காகிதத்தில் அவளுக்கு அவள் தம்பியை விட இரண்டு வயது குறைவு. "இப்ப அவன் என்னை அக்கான்னு கூப்பிடணுமா, தங்கச்சின்னு கூப்பிடணுமான்னு வீட்டுல சண்டை," என்றாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஏழு வருடமாக இந்தப் பாரத்தைத் தான் மட்டும் தூக்குவதாக நினைத்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு லேசாக வீடு திரும்பினான்.

மனைவி காலை ஆறரைக்குப் போனால் மூன்று மணிக்கு வருவாள். படி ஏறி வருகிற சத்தம் கேட்கும்போதே அவன் அடுப்பில் டீயைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்துவிடுவான். முதல் நாள் அவள் சாவியை நீட்டியபடியே நின்றுவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளே பூட்டி அவளே திறந்து பழக்கம். உள்ளே வந்து டீயைக் குடித்தாள். மறுநாள் காலையில் அவள் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை. மேசை மேல் கிடந்த சாவியை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சோதனை. மகள் ஒரு மைப்பெட்டியைப் பிடித்துக்கொள்ள, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து விரலையும் ஒற்றி எடுப்பார்கள். முதல் ஞாயிறு வெறும் கறுப்புப் பொட்டு. இரண்டாவது ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு மனைவி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குனிந்தவள் நிமிரவே இல்லை.

"என்ன?" என்றான்.

"கோடு," என்றாள் மெல்ல. "மோதிர விரல்ல. பாருங்க, மூணு கோடு."

அவனும் பார்த்தான். வயலில் நாற்று முளைத்தது மாதிரி மெல்லிசாக மூன்று கோடு வளைந்து ஓடியது. மகளுக்குக் காட்டினார்கள். அன்றைக்குக் கறிக்குழம்பு.

இருபத்தேழாம் நாள் மத்தியானம் மச்சான் போன் செய்தார். குரலே சரியில்லை.

"மாப்பிள்ளை, நீச்சல் குளத்து வேலை தெரியுமில்ல, சின்னப் பிள்ளைங்க குளம்? சுத்தி நடைபாதைக்கு டைல் போட்டுட்டோம். தண்ணி ஊத்திப் பார்த்தா, வடிகாலுக்குப் போகாம நடுவுல தேங்குது. தண்ணி இறங்குற வாட்டம் சரியா வரல. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு."

"எத்தனை வரிசை?"

"தெரியல. அதுதானே கண்டுபிடிக்க முடியல."

"நான் வந்து பார்க்கறேன்."

"ஐயோ வேண்டாம். தங்கச்சி என் தலையைச் சீவிடுவா."

"கையைக் கட்டிக்கிட்டு நின்னு பார்க்கறேன். வாயால சொல்றதுக்கு விசா வேண்டாமே."

நிஜமாகவே அந்த எண்ணத்தோடுதான் போனான். குளத்தின் ஓரத்தில் நீல டைல் பளபளவென்று இருந்தது. மச்சான் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் நாலடி ஓடி, வடிகாலுக்கு முன்னாலேயே வட்டமாக நின்றுகொண்டது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தான். சின்னப் பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடுகிற இடம். தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் வழுக்கும்.

"மூணு வரிசை. வடிகால்ல இருந்து ரெண்டாவது, மூணாவது, நாலாவது. பசை இன்னும் இறுகல, இப்பவே கிளப்பினாத்தான் உண்டு."

மச்சான் கிளப்பினார். திரும்பப் பசை போட்டு வைத்தார். "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க," என்றான். அழுத்தினார். "அவ்வளவு வேண்டாம்." தூக்கினார். "இடது முனை." வலது முனையைத் தட்டினார். மச்சான் கெட்டிக்காரர்தான், சுவருக்கு டைல் ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் விரலுக்குத் தெரிகிறதை வாய் எப்படிச் சொல்லும்? பசை இறுகிக்கொண்டே வந்தது. மச்சானுக்கு வேர்த்து ஊற்றியது.

"ஒரே ஒரு டைல்," என்றான் அவன். கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான்.

ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவுமாம். ஒரு டைல் இரண்டாகி, இரண்டு ஒரு வரிசையாகி, அவன் நிமிர்ந்து பார்த்தபோது மூன்று வரிசையும் முடிந்திருந்தது. மச்சான் இன்னொரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது எங்கேயும் நிற்காமல், வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி நேராக வடிகாலுக்குள் ஓடியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நாலு வாரத்தில் அவனுக்கு அவ்வளவு நிம்மதியான மூச்சு வந்ததில்லை.

பிறகு கையைப் பார்த்தான். இடதுகை பரவாயில்லை. வலதுகையில் கட்டைவிரல்தான் அதிகம் உழைத்திருந்தது; டைல்கள் சேரும் இடத்தையெல்லாம் அதை வைத்துத்தான் அழுத்துவான். நுனி சிவந்து, பளிங்கு மாதிரி மழமழவென்று இருந்தது.

"தங்கச்சிகிட்ட நான் வாயைத் திறக்கமாட்டேன்," என்றார் மச்சான்.

"நீங்க திறக்கவே வேண்டாம். என் மூஞ்சியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிஞ்சிடும்."

மூஞ்சியைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட வரவில்லை. பள்ளிக்கூடம் விடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பி வந்தவன், மாடி ஏறும்போதுதான் மணியைப் பார்த்தான். மூன்றே முக்கால். சாவி இல்லாத மனைவி, பூட்டிய கதவுக்கு முன்னால் கடைசிப் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைப் போய்க் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். அவன் கால் செருப்பில் ஒட்டியிருந்த பசையை முதலில் பார்த்தாள். அப்புறம் கையைப் பார்த்தாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. எழுந்து வழிவிட்டாள், அவ்வளவுதான். இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மகள் இருவருக்கும் நடுவே தூது போனாள். "அம்மா சாப்பிடச் சொல்றாங்க." "அப்பா உப்பு கேக்கறாங்க." களிம்பு தடவுகிற நேரத்துக்கு மட்டும் தவறாமல் வந்து உட்கார்ந்து, அவன் கையை எடுத்து மடியில் வைத்து, பேசாமல் தடவிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தடவிக்கொண்டிருக்கும்போது அவனே ஆரம்பித்தான்.

"பிள்ளைங்க வழுக்கி விழுற இடம். விட்டுட்டு வர மனசு வரல."

"அதுக்கா நான் கோபப்பட்டேன்? நீங்க விட்டுட்டு வந்திருந்தாத்தான் எனக்கு ஆச்சரியம்."

"அப்புறம்?"

"ஒரு வார்த்தை எனக்குப் போன் பண்ணிச் சொன்னீங்களா? ரேகை உங்க கையில இருக்கலாம். விசா மூணு பேருக்கும்தானே. படியில உட்கார்ந்திருந்தப்ப என்ன தோணுச்சு தெரியுமா? இந்த மனுஷன் முடிவு பண்ணுவாரு, நான் வாசல்ல உட்கார்ந்து காத்துக்கிட்டிருப்பேன். கல்யாணமாகி முதல் நாலு வருஷம் அப்படித்தானே போச்சு, நீங்க வேற நாட்டுல, நான் ஊர்லன்னு. அது இங்க வந்தும் வேண்டாம்."

அவள் சொன்னது அத்தனையும் நியாயம்.

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். "போங்கன்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். "ஆனா சலவைக்கூடத்துல மெல்லிசு ரப்பர் உறை இருக்கு. தோல் மாதிரி இருக்கும், ஊசி முனைகூடத் தெரியும். அதுல ரெண்டு ஜோடி கேட்டு வாங்கி எடுத்துட்டு ஓடி வந்திருப்பேன்."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சிரிக்காதீங்க, இன்னும் கோபமாத்தான் இருக்கேன்," என்றாள். அறைக்குள்ளிருந்து மகள், "பேசிட்டாங்க," என்று யாருக்கோ அறிவிப்பது போலச் சொன்னாள்.

நாற்பதாம் நாள் மூவருமாகப் போனார்கள். அதே மேசை, அதே பெண். அவளுக்கும் அவனை நினைவிருந்தது. இடதுகை நாலு விரலையும் வைத்தான். பச்சை. இடது கட்டைவிரல், பச்சை. வலதுகை நாலு விரல் வைக்கும்போது மனைவி கண்ணை மூடிக்கொண்டாள், மகள் பார்த்துச் சொன்னாள், "பச்சை."

வலது கட்டைவிரல். சிவப்பு. துடைத்து வைத்தான், சிவப்பு. அந்தப் பெண் எழுந்து சுற்றி வந்து அவன் விரலைப் பிடித்து உருட்டினாள். சிவப்பு.

"மேலதிகாரியைக் கூப்பிடறேன்," என்று உள்ளே போனாள்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவனுக்கு உள்ளுக்குள் என்னென்னவோ ஓடியது. மூன்று வரிசை டைல். ஒரு கட்டைவிரல். மனைவியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள்தான் அவன் முழங்கையைத் தொட்டாள். "ஒன்பது வந்திருக்கு," என்றாள் காதோரம். "போன தடவை மூணு."

மேலதிகாரி கண்ணாடி போட்ட குள்ளமான மனிதர். வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து, விரலைப் பார்த்து, "இது மட்டும் ஏன் இப்படி?" என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நடந்ததைச் சொன்னான்: குளம், வடிகால், வாட்டம், மூன்று வரிசை. சம்பளமில்லா விடுப்பில் இருக்கும்போது போய்ச் செய்ததையும் மறைக்கவில்லை. அவன் பேசுகிற அந்த நாட்டு மொழியில் ஓட்டைகள் இருந்தன. மனைவி இரண்டு இடத்தில் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு எப்போது இவ்வளவு பேச்சு வந்தது என்று அவன் அங்கேயே வியந்தான்.

மேலதிகாரி கேட்டுக்கொண்டே திரையில் எதையோ தேடி எடுத்தார். திரையை அவன் பக்கம் திருப்பினார். ஏழு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை வந்து இறங்கிய அன்றைக்கு எடுத்த பதிவு. பத்து விரலும் இருந்தன. அப்போதே கொஞ்சம் தேய்ந்தவைதான், ஆனால் கோடுகள் ஓடியது தெரிந்தது.

"வலது கட்டைவிரல்ல இந்த ஓரத் தழும்பு மட்டும் பொருந்துது. மற்ற ஒன்பதும் நல்லாவே பொருந்துது," என்றார் அவர். "ரெண்டு விரல் இல்லாதவங்களுக்கும் நாங்க விசா கொடுக்கறோம். பத்துல எட்டு இருந்தாப் போதும். குறிப்பு எழுதி அனுப்பறேன்."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "எட்டு போதும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"முன்னாடி உங்ககிட்ட மூணுதானே இருந்துச்சு," என்றாள் பதிவு மேசைப் பெண்.

வெளியே வந்ததும் மூவரும் படிக்கட்டில் அப்படியே நின்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. யாருக்கும் குடையை விரிக்கத் தோன்றவில்லை. மனைவி அவன் வலதுகையை எடுத்து, அந்த மழமழத்த கட்டைவிரலைத் தன் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, "சனியனே," என்றாள் அதனிடம், கோபமே இல்லாமல்.

மறுவாரமே அவன் வேலைக்குத் திரும்பினான். மெல்லிசு ரப்பர் உறை போட்டுப் பழகிக்கொள்ளச் சொல்லி அவள் ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தாள். கல்லைத் தொட்டால் பஞ்சைத் தொட்ட மாதிரி இருக்கிறது என்று முதலில் முனகினான். பத்து நாளில் பழகிவிட்டது. மயிரிழை இல்லாவிட்டாலும் நூலிழை தெரிந்தது. முதலாளியிடம் பேசி, வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு வேலைக்கு வருவதாக ஏற்பாடு செய்துகொண்டான். அந்த இரண்டு நாளும் வாசலில் நிற்கிற அம்மாக்களுக்கு அவன் விரலைக் காட்ட வேண்டியிருந்தது. ஆட்டுப்பால் சொன்னவள் அது தன் வைத்தியம்தான் என்று கடைசிவரை நம்பினாள்.

பதினோரு வாரம் கழித்து, அப்படி ஒரு தாமதமான காலையில், அவன் மகளை விட்டுவிட்டு வரும்போது தபால்பெட்டியில் கனமான உறை கிடந்தது. மாடி ஏறாமல் அங்கேயே கிழித்தான். மூன்று அட்டைகள். மூன்றிலும் மூன்று முகம். காலாவதித் தேதி எழுதியிருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது: நிரந்தரம். அதை அவன் எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தான்.

மனைவிக்குச் சொல்லப் போனை எடுத்தவன், வேண்டாம் என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். சலவைக்கூடம் பின்பக்கம், தரைக்குக் கீழே. ஏழு வருடத்தில் அவன் அங்கே போனதே இல்லை. கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. பெரிய இஸ்திரி உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்புகள் ஒவ்வொன்றாகப் படபடத்துக்கொண்டு வெளியே வந்தன. இரண்டு இரண்டு பெண்களாக நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மனைவிக்கு ஜோடியாக நின்ற பெண் அவனைப் பார்த்ததும், யார் என்று புரிந்துகொண்டு, தன் முனையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மனைவி எதிர் முனையைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் உருளை நிற்கவில்லை. அடுத்த விரிப்பு வந்துகொண்டிருந்தது.

"முதல்ல மூலையைச் சேருங்க," என்றாள். "இப்ப உதறணும். ம். இப்ப என் பக்கம் வாங்க."

அவன் விரிப்போடு அவளை நோக்கி நடந்து, தன் முனைகளை அவள் கையில் வைத்தான்.

"மூணும் வந்திருச்சா?"

"மூணும்."

அவள் மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு தடவை நீவினாள். கண் நிறைந்திருந்தது, அதைத் துடைக்கவில்லை.

"இந்த அடுக்கு முடிஞ்சாத்தான் விடுவாங்க," என்றாள். "இன்னும் முப்பது இருக்கும். இருக்கறீங்களா?"

"இருக்கேன்," என்று அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த விரிப்பின் மூலையைப் பிடித்தான்.